சட்டைப் பைக்குள் புகுந்த வானொலி

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் மேசை இழுப்பறையிலோ ஊமையாகிப் போன சிறிய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று கிடக்கிறதா? பழைய சாமான்காரரிடம் அதைப் போட எண்ணியிருந்தால் சற்றுப் பொறுங்கள். அது பேசாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் அன்று. டிரான்சிஸ்டருக்குத் துணையாக வந்த வேறொரு சிறு உறுப்பு. அது ஏன் வந்தது, ஏன் முதலில் சாகிறது என்பதை அறிய நாம் சுமார் எழுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வால்வுகளின் காலம்

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பும் கையில் தூக்கிச் செல்லும் வானொலிகள் இருந்தன. அவை வால்வுகளால் இயங்கின. வால்வினுள் இருக்கும் இழை சூடேறினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். ஆகவே இழையைச் சூடாக்க 1.5 வோல்ட்டு மின்கலம் ஒன்று, எலெக்ட்ரான்களை இழுக்க 67.5 வோல்ட்டு போன்ற உயர் அழுத்த மின்கல அடுக்கு மற்றொன்று என இரண்டையும் சுமக்க வேண்டியிருந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டன் ஆகிய இருவரும் ஜெர்மானியம் படிகத் துண்டு ஒன்றைக் கொண்டு மின்குறிகளைப் பெருக்கிக் காட்டினர். அவர்களுடைய குழுவின் தலைவர் வில்லியம் ஷாக்லி, அடுத்த சில வாரங்களில் சந்தி டிரான்சிஸ்டர் என்னும் உறுதியான வடிவத்தை வகுத்தார். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. இழை இல்லை, சூடாக்கும் மின்கலம் இல்லை. பொத்தானைத் திருகியதும் வேலை செய்யும்!

நான்கே டிரான்சிஸ்டர்கள்

கண்டுபிடிப்பது ஒன்று, கடைக்குக் கொண்டு வருவது வேறொன்று. பெல் நிறுவனத்திடம் 25,000 டாலர் கொடுத்து 1952-ல் உரிமம் பெற்றவற்றுள் ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். நிலத்தடி எண்ணெயைத் தேடும் பணியில் வளர்ந்த நிறுவனம் அது. அதன் தலைவர்களுள் ஒருவரான பாட்ரிக் ஹாகர்ட்டி, டிரான்சிஸ்டரை ஆயிரக்கணக்கில் விற்க வேண்டுமானால் பொதுமக்கள் வாங்கும் பொருள் ஒன்று வேண்டும் என்று கண்டார். சட்டைப்பை வானொலிதான் அப்பொருள். பெரிய வானொலி நிறுவனங்கள் தயங்கின. இண்டியானாபொலிஸ் நகரின் சிறிய நிறுவனம் ஒன்று இசைந்தது. அதன் வணிகப் பெயர் ரீஜென்சி.

அப்போது டிரான்சிஸ்டரின் விலை மிக அதிகம். ஒன்றைக் குறைத்தாலும் இலாபம். வானொலி அலையோடு கலப்பதற்காகப் பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்க வேண்டும். உண்டாக்குவது, கலப்பது ஆகிய இரு வேலைகளையும் ஒரே டிரான்சிஸ்டரைச் செய்ய வைத்தனர். அக்கால டிரான்சிஸ்டர்கள் உயர் அதிர்வெண்களில் திணறின. ஆகவே வழக்கமான 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணைக் கைவிட்டு, 262 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தனர். இவ்வாறு நான்கே டிரான்சிஸ்டர்களில் வேலை முடிந்தது.

1954 அக்டோபர் 18 அன்று ரீஜென்சி டி.ஆர்-1 அறிவிக்கப்பட்டது. நீளம் 5 அங்குலம், அகலம் 3 அங்குலம், தடிமன் ஒன்றேகால் அங்குலம். விலை 49.95 டாலர். 22.5 வோல்ட்டு மின்கலத்திலிருந்து அது எடுத்துக்கொண்ட மின்னோட்டம் ஏறத்தாழ 4 மில்லிஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 0.09 வாட்டு! 2.5 வோல்ட்டு, 0.3 ஆம்பியர் டார்ச்சு பல்பு ஒன்று எரிய இதைப் போல் எட்டு மடங்கு ஆற்றல் தேவை. ஒலி அத்துணைச் சிறப்பாக இல்லை. எனினும் ஏறத்தாழ ஒரு லட்சம் பெட்டிகள் விற்றன.

ஜப்பானில், பின்னர் சோனி எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் 1955-ல் தன் முதல் டிரான்சிஸ்டர் வானொலியையும், 1957-ல் ஆறு டிரான்சிஸ்டர்கள் கொண்ட டி.ஆர்-63 என்ற பெட்டியையும் வெளியிட்டது. சட்டைப்பைக்கு அது சற்றே பெரிதாக இருந்ததால், விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டைகள் தைத்துக் கொடுத்ததாக அதன் நிறுவனர்களுள் ஒருவரான அகியோ மொரிட்டா பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

துணைக்கு வந்த உறுப்பு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெருக்கியின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒலிக்குறியை மட்டும் அனுப்பி, நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது மின்தேக்கி. தடை, மின்தேக்குதிறன் ஆகிய இரண்டையும் பெருக்கி, அதை மீண்டும் 6.28-ஆல் பெருக்கி, 1-ஐ அத்தொகையால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும் என்பது கிடைக்கும்.

வால்வின் உள்ளீட்டுத் தடை சுமார் 10 லட்சம் ஓம். அதற்கு 0.01 மைக்ரோஃபாரடு போதும். விடை 16 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டரின் உள்ளீட்டுத் தடையோ ஆயிரம் ஓம் அளவுதான். அதே 16 ஹெர்ட்ஸுக்கு 10 மைக்ரோஃபாரடு வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு! இவ்வளவு மின்தேக்குதிறனைச் சட்டைப்பைக்குள் அடக்க ஒரே வழி எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி. அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், அதையொட்டி மின்பகு நீர்மத்தில் ஊறிய தாள் என அமைந்தது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர்மம் உலர்கிறது. 10 மைக்ரோஃபாரடு 0.1 ஆகத் தேய்ந்தால் 16 ஹெர்ட்ஸ் 1,600 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். குரலின் கனம் போய்க் கீச்சொலி மட்டும் எஞ்சும். பிறகு அதுவும் அடங்கும். அங்கே திடப்பொருளான டிரான்சிஸ்டரோ நலமாகவே இருக்கும்.

ஊமைப் பெட்டியைப் பேச வைத்தல்

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் ஆறு டிரான்சிஸ்டர் வானொலியைக் கல்லூரிக்குக் கொண்டு வந்தாள். “தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்கிறார்கள், சார்” என்றாள். புதிய மின்கலத்தை இணைத்ததும் விசைப்படகு போல ‘டுப் டுப்’ என்று ஒலித்ததே தவிரப் பேசவில்லை. மின்கலத்துக்கு இணையாக இருக்கும் மின்தேக்கி உலர்ந்துவிட்டால், கடைசிக் கட்டத்தின் மின்னோட்ட ஏற்ற இறக்கம் முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய் இப்படி அலைவை உண்டாக்கும். 100 மைக்ரோஃபாரடு, 16 வோல்ட்டு மின்தேக்கி ஒன்றை அதன் மேல் இணையாக வைத்தோம். ‘டுப் டுப்’ நின்றது. கட்டங்களுக்கு இடையிலுள்ளதன் மேல் 10 மைக்ரோஃபாரடை வைத்தோம்; செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்தது. அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பற்றவைத்தோம். செலவு ஒரு தேநீரின் விலையைத் தாண்டவில்லை.

நீங்களும் முயலலாம். சில எச்சரிக்கைகள்: மின்கலத்தின் முனைகளையும், மின்தேக்கியின் நேர், எதிர் முனைகளையும் மாற்றி இணைக்காதீர்கள். பெட்டியை அணைத்துவிட்டே எதையும் இணையுங்கள். பற்றவைக்கும்போது டிரான்சிஸ்டரின் கம்பியைக் குறட்டால் பிடித்துக்கொண்டால் வெப்பம் குறட்டுக்குப் போய்விடும். ஜெர்மானியம் சூடு தாங்காது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வால்வு வானொலியில் இச்சோதனைகள் வேண்டா, உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. சிறிய சதுர உலோகக் கூடுகளின் தலையில் திருகுபோல் தெரியும் உள்ளகங்களைத் தொடாதீர்கள். பள்ளி மாணவனாக இருந்தபோது என் தந்தையின் வானொலியில் அவற்றை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். ஒன்று உள்ளேயே நொறுங்கியது. அந்தப் பெட்டி பிறகு பாடவே இல்லை. அதில் பழுதாகியிருந்தது ஒரு மின்தேக்கிதான் என்று நான் உணர்ந்தது கல்லூரியில் படிக்கும்போது. அதற்குள் பெட்டி வீட்டை விட்டுப் போயிருந்தது.

இப்பெட்டிகள் கேட்கும் மத்திய அலை ஒலிபரப்பும் உலகில் குறைந்து வருகிறது. ஜெர்மனியின் தேசிய வானொலி 2015-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு அதை நிறுத்திக்கொண்டது. பெட்டி பிழைத்தாலும் அதனுள் பேச நிலையம் வேண்டுமல்லவா? ஆகவே மாணவர்களே, பரண்மேல் ஏறுவதாயின் இந்த விடுமுறையிலேயே ஏறுங்கள். முதலில் மின்கலத்தை அளவிடுங்கள்; அடுத்து மின்தேக்கியைப் பாருங்கள்; திருப்புளியைக் கடைசியில் எடுங்கள்.