சுழலும் குருதிக்குழாய் செல்கள்

குருதிக்குழாய்களின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருப்பவை எண்டோதீலிய செல்கள். இவற்றில் சில சுவரிலிருந்து கழன்று குருதியோட்டத்தில் கலந்துவிடும். நலமாக இருப்பவரிடம் இப்படிச் சுழலும் செல்கள் மிகமிக அரிது. குழாய்ச்சுவர் புண்படும்போது எண்ணிக்கை ஏறும். புற்றுநோயின் போக்கை அறிய இதை உயிர்க்குறிப்பானாகக் கொள்ளலாமா என்பது நெடுநாள் ஆய்வு.

கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளரப் புதிய குருதிக்குழாய்கள் வேண்டும் என்று 1971-இல் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். கட்டிக்குள் அவசரமாக முளைக்கும் அக்குழாய்கள் கோணல்மாணலானவை, கசிபவை. 2001-இல் மிலான் ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகளிடம் சுழலும் செல்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். சிகிச்சையில் நோய் முற்றிலும் அடங்கிய லிம்போமா நோயாளிகளிடம் அந்த அளவு நலமானோருடையதை ஒத்திருந்தது. கத்தியின்றி, ஒரு குழல் குருதியில் கட்டியின் போக்கைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது அதனால்தான்.

எண்ணுவதுதான் கடினம். சிடி146, சிடி31 ஆகிய புரதங்கள் மேற்பரப்பில் இருந்து, வெள்ளணுக்களுக்குரிய சிடி45 இல்லாத செல்லையே கணக்கில் எடுப்பார்கள். காந்தமணிகளால் பிரிக்கும் முறை ஒரு விடை தரும். செல்களை ஒளியால் ஒவ்வொன்றாக எண்ணும் ஃபுளோ சைட்டோமீட்டர் வேறொன்று தரும். அதனால் எல்லாருக்கும் பொதுவான எல்லை எண் இன்னும் அமையவில்லை.

மாரடைப்பு, குருதிக்குழாய் அழற்சி, கடும் தொற்று ஆகியவற்றிலும் சுழலும் செல்கள் கூடும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு வட்டாரத்துக்கு இது முக்கியம். தொழிலாளர் 'மருந்து' என்றே சொல்லும் வெடிக்கலவையின் தூசி, புகை, விபத்தில் நேரும் தீக்காயம் எனப் பலவும் இங்கே கவனிக்க வேண்டியவை. தீக்காயம் குழாய்ச்சுவரை நேரடியாகத் தாக்கும். நுண்துகள் மாசு மிகுந்த நாட்களில் எண்டோதீலிய செல்கள் உதிர்க்கும் துணுக்குகள் இளைஞர் குருதியிலும் கூடுவதை 2016-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவரிடம் எண்ணிக்கை உயர்ந்திருந்தால் அதைப் புற்றுநோய் என்று பொருள்கொண்டு அந்தக் குடும்பத்தைக் கலங்கடிக்கக்கூடாது. எந்த வேலை, எத்தனை ஆண்டு, பீடிப் பழக்கம் உண்டா, தீக்காயம் பட்டதுண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

நோயை உறுதிசெய்வது இன்றும் திசுப்பரிசோதனைதான். இந்த எண்ணிக்கை ஓரளவு பொருள் தருவது, ஒரே நோயாளியிடம் ஒரே ஆய்வகத்தில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் எடுத்து ஒப்பிடும்போது.