பெருவிரல் அடையாளம்

மட்டக்குளியில் ஒரு பட்டறையில் வேலை செய்த என் சாச்சாவுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மெஷின் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே ஒரு கடதாசி வந்ததாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. எஞ்சியிருந்த பெருவிரலால் அடையாளம் வைத்தார். கிடைத்த காசு பெருநாள் வரைகூடக் காணவில்லை.

அந்தக் கடதாசி செல்லுமா என்பதற்கான விடை 1934ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

அதற்கு முன்னர், காயப்பட்ட தொழிலாளி உரோம டச்சுச் சட்டத்தின்படி முதலாளியின் கவனயீனத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவனுக்கு இது ஆகிற காரியமா? 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கியபோது உடனின்றவர் பெரி சுந்தரம். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்புத் துறைமுகம் வேலைநிறுத்தம் கண்டது. 1931இல் அமைந்த அரசாங்க சபையில் பெரி சுந்தரமே தொழில் அமைச்சரானார். அவருடைய காலத்தில்தான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது.

பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு முன்னோடிகள். இந்திய அட்டவணை முதலில் பெருவிரலுக்கு 25 சதவீதம், சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரலுக்கு 5 என உழைப்புத் திறனின் இழப்பைக் கணக்கிட்டது. உடலுக்கு விலை பேசுவதா என்று மனம் கூசலாம். ஆனால், கணக்கு இல்லாத இடத்தில் முதலாளியின் தயவுதான் கணக்கு.

எனினும், சட்டத்தின் உயிர் அட்டவணையில் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ பெறப்பட்டது என்றோ கண்டால் ஆணையாளர் பதிவை மறுக்கலாம். உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணம் நேர்ந்தால், பணம் ஆணையாளரிடமே வைப்பிலிடப்பட வேண்டும். வலியிலும் பசியிலும் கிடப்பவனின் சம்மதம் முழுச் சம்மதமல்ல என்பதைச் சட்டம் அறிந்திருந்தது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

சாச்சாவின் கடதாசி பதிவானதா என்று எவரும் கேட்கவில்லை. ஆணையாளரின் அலுவலகம் அவரிருந்த கொழும்பிலேயே இருந்தது. அப்படியொன்று உண்டென்று கேள்விப்படாமலே அவர் மௌத்தானார்.