இடைத்தேர்தலும் ஆட்சிப் பெரும்பான்மையும்: 2019 திருப்போரூர் இடைத்தேர்தலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சட்டமன்றம் யார் கையில் இருக்கும் என்பதைப் பொதுத்தேர்தலுக்குப் பிந்தைய வாக்குப்பதிவு ஒன்று முடிவு செய்வதுண்டு. இரண்டாம் சுற்றுத் தேர்தல் உள்ள நாடுகளில் இது சட்டத்தின் ஏற்பாடு. அம்முறை இல்லாத இந்தியாவில் அப்பணி சில வேளைகளில் இடைத்தேர்தலின் மேல் விழுகிறது. தமிழகத்தில் 2019இல் 22 தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தலை, சென்னைத் தென்புறநகரைச் சார்ந்த திருப்போரூர்த் தொகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இடைத்தேர்தல், இரண்டாம் சுற்று, தகுதிநீக்கம், பெரும்பான்மை, திருப்போரூர், தாம்பரம்

முன்னுரை

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலை சென்னையின் இரு புறநகர்ப் பகுதிகளை இணைக்கிறது. மேற்கே பெருந்தெற்குச் சாலையை ஒட்டித் தாம்பரமும் அதன் சுற்றுப்புறமும் அமைந்துள்ளன. கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டித் திருப்போரூர்த் தொகுதி விரிகிறது. 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், இச்சாலையின் கிழக்குப் பகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அக்காலம் முழுவதும் மாநிலத்தின் ஆட்சி, அத்தொகுதி உள்ளிட்ட சில காலியிடங்களின் எண்ணிக்கையைச் சார்ந்தே நிலைத்திருந்தது.

இரண்டாம் சுற்றும் இடைத்தேர்தலும்

பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாதபோது, முன்னணியில் உள்ளோரிடையே மீண்டும் வாக்கெடுப்பு நடத்துவது இரண்டாம் சுற்று முறையாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2021 ஜனவரி 5 அன்று நடந்த தேர்தல் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. இரு செனட் இடங்களிலும் ஜான் ஆசாஃப், ரஃபேல் வார்னாக் ஆகிய ஜனநாயகக் கட்சியினர் வென்றனர். நூறு உறுப்பினர் அவை ஐம்பதுக்கு ஐம்பது எனப் பிரிந்தது. துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸின் முடிவு வாக்கால் அவை அக்கட்சியின் வசமாயிற்று.

இந்தியாவில் மற்றவரினும் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றவரே வெற்றியாளர். நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்புச் செயற்பாட்டு மறுஆய்வு ஆணையம் இரண்டாம் சுற்று முறையைப் பற்றி விவாதித்தபோதும் அது நடைமுறைக்கு வரவில்லை. இடைத்தேர்தலின் நோக்கம் வேறு. இறப்பு, பதவி விலகல், தகுதிநீக்கம் ஆகியவற்றால் காலியான இடத்தை நிரப்புவது மட்டுமே அதன் பணி. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு, காலியிடத்தை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது. காலியிடங்கள் பெருகும்போது, எவரும் திட்டமிடாமலே அது ஆட்சியைத் தீர்மானிக்கும் தேர்தலாக மாறிவிடுகிறது.

2016: புறநகரின் ஒற்றை விதிவிலக்கு

2016 சட்டமன்றத் தேர்தலில் ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், சோழிங்கநல்லூர், செங்கல்பட்டு ஆகிய தென்புறநகர்த் தொகுதிகள் அனைத்திலும் தி.மு.க. வென்றது. அவற்றை அடுத்துள்ள திருப்போரூரில் அ.தி.மு.க.வின் மு. கோதண்டபாணி வெற்றி பெற்றார். மாநில அளவில் ஆட்சி அமைத்த அ.தி.மு.க.வின் எண்ணிக்கை, அவ்வாண்டு நவம்பரில் மேலும் மூன்று தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபின் 136 ஆக இருந்தது. தி.மு.க.வுக்கு 89, காங்கிரசுக்கு 8, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கிற்கு 1 என எதிரணிக்கு 98 இடங்கள் இருந்தன.

2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த பிப்ரவரியில் கட்சி பிளவுபட்டபோது, உறுப்பினர்கள் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122 வாக்குகளுடன் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. ஓ. பன்னீர்செல்வம் தரப்பினர் 11 பேர் எதிர்த்து வாக்களித்தனர். ஆகஸ்டு 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. மறுநாளே டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்களான 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை எனக் கடிதம் அளித்தனர். அவர்களுள் ஒருவர் பின்னர் அரசின் பக்கம் திரும்பினார்.

பெரும்பான்மைக் கணக்கு

அப்போது ஜெயலலிதாவின் ஆர்.கே. நகர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அவையில் 233 உறுப்பினர்கள் இருந்தனர். அ.தி.மு.க.வின் 135 பேரில் 18 பேரைக் கழித்தால் அரசின் பக்கம் 117 பேர். அவர்களுள் ஒருவர் பேரவைத் தலைவர் ப. தனபால். அரசமைப்பின் 189ஆம் உறுப்பின்படி, வாக்குகள் சமமாகும்போது மட்டுமே அவர் வாக்களிக்க முடியும். எஞ்சியவர் 116 பேர். எதிரணியின் 98 பேருடன் அதிருப்தியாளர் 18 பேரைக் கூட்டினாலும் 116 பேரே. ஆக, அனைவரும் வாக்களித்திருந்தால் அவை சரிபாதியாகப் பிரிந்து, பேரவைத் தலைவரின் ஒரு வாக்கே ஆட்சியைத் தீர்மானித்திருக்கும். கட்சிக் கொறடாவின் ஆணையை மீறுவோர் பின்னர் பதவி இழக்கலாம். எனினும் அவர்கள் அளித்த வாக்குக் கணக்கில் சேரும்.

அத்தகைய வாக்கெடுப்பு நடைபெறவில்லை. செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்கீழ் 18 பேரையும் தகுதிநீக்கம் செய்தார். அவை 215 ஆகச் சுருங்கியது; பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கை 117இலிருந்து 108 ஆகக் குறைந்தது. அரசு புதிதாக ஓர் உறுப்பினரையும் பெறாமலே பெரும்பான்மை பெற்றது. கட்சியை விட்டு விலகவில்லை, முதலமைச்சரையே எதிர்த்தோம் என்பது 18 பேரின் வாதம். பிப்ரவரியில் எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீது அத்தகைய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

நீதிமன்றமும் காத்திருப்பும்

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பும் இடைத்தேர்தல் அறிவிப்பும் நிறுத்திவைக்கப்பட்டன. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார்; நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாம் நீதிபதியான எம். சத்தியநாராயணன் அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். 18 பேரும் மேல்முறையீட்டைத் தவிர்த்துத் தேர்தலைச் சந்திக்க முடிவு செய்தனர். தீர்ப்பு நாளிலிருந்து ஆறு மாதம் நிறைவடைய ஒரு வாரம் இருந்தபோது, 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தலுடன் திருப்போரூரிலும் வாக்குப்பதிவு நடந்தது.

ஜார்ஜியா வாக்காளர் தம் இரண்டாம் சுற்றுக்காகக் காத்திருந்தது ஒன்பது வாரம். நாளைச் சட்டமே வகுத்திருந்தது. திருப்போரூர் வாக்காளரின் காத்திருப்பை, முடிவால் நேரடியாகப் பயனடையும் கட்சியைச் சேர்ந்த பேரவைத் தலைவரின் ஆணை தொடங்கி வைத்தது. நீதிமன்ற நடைமுறை நீட்டித்தது. தேர்தல் ஆணையத்தின் அட்டவணை முடித்து வைத்தது. வாக்காளருக்கு அதில் எந்த இடமும் இல்லை.

22 தொகுதிகளின் தீர்ப்பு

தகுதிநீக்கத்தால் 18, திருவாரூர், திருப்பரங்குன்றம், ஓசூர், சூலூர் ஆகியன 4 என மொத்தம் 22 இடங்கள் காலியாக இருந்தன. ஏப்ரலில் 18 தொகுதிகளுக்கும் மே 19 அன்று 4 தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. அப்போது பேரவைத் தலைவர் உட்பட அ.தி.மு.க.வுக்கு 114 பேர் இருந்தனர். 234 பேர் கொண்ட முழு அவையில் 118ஐ எட்ட அதற்கு 4 வெற்றிகள் போதுமானவை. 97 பேர் கொண்டிருந்த தி.மு.க. அணி அதே எண்ணிக்கையை எட்ட 21 வெற்றிகள் தேவைப்பட்டன.

மே 23 அன்று வெளியான முடிவுகளில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9 இடங்களைப் பெற்றன. தினகரனின் அ.ம.மு.க. எங்கும் வெல்லவில்லை. திருப்போரூரில் தி.மு.க.வின் இதயவர்மன் வென்றார். காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியும் அக்கட்சிக்கே கிடைத்தது. 2016 தேர்தல் காலத்தில் தென்புறநகரில் காணப்பட்ட விதிவிலக்கு இவ்வாறு நீங்கியது.

இம்முடிவை இருவகையாகப் படிக்கலாம். 22 இடங்களில் 21 முன்னர் அ.தி.மு.க.விடம் இருந்தவை, அவற்றில் 12ஐ அக்கட்சி இழந்தது. எண்ணிக்கை நோக்கில் இது தோல்வி. ஆயினும் தேவைப்பட்ட நான்கிற்குப் பதில் ஒன்பது கிடைத்ததால் அதன் பலம் 123 ஆயிற்று. ஆட்சி 2021 மே வரை நீடித்தது. மாநிலத்தில் அதே நாளில் வாக்குப்பதிவு நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37இல் தி.மு.க. அணி வென்றபோதும் மாநில ஆட்சி மாறவில்லை.

தமிழகத்தோடு இப்போக்கு நிற்கவில்லை. 2019 டிசம்பரில் கர்நாடகத்தில் தகுதிநீக்கத்தால் காலியான 15 இடங்களுக்கு நடந்த இடைத்தேர்தலில் 12ஐ வென்று எடியூரப்பா அரசு நிலைபெற்றது. 2020 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தலும் ஆட்சியை உறுதி செய்த தேர்தலாகவே அமைந்தது.

முடிவுரை

இரண்டாம் சுற்றுத் தேர்தல் வாக்காளரின் முதல் தீர்ப்பு முழுமை பெறாததால் எழுவது. ஆட்சியைத் தீர்மானிக்கும் இடைத்தேர்தலோ, முழுமையாகத் தரப்பட்ட தீர்ப்பை அவையும் கட்சிகளும் குலைத்தபின் எழுவது. முன்னதில் காலமும் எண்ணிக்கையும் விதியால் அமைகின்றன. பின்னதில் எத்தனை இடம் காலியாகும், எப்போது நிரப்பப்படும், அதுவரை எந்த எண் பெரும்பான்மையாகக் கொள்ளப்படும் என்பன போட்டியில் உள்ளோரின் செயல்களால் அமைகின்றன. திருப்போரூர் வாக்காளர் 2019இல் தம் உறுப்பினரை மாற்றினர். ஆனால் அவர்கள் உறுப்பினரின்றி இருந்த மாதங்களில் நடந்த ஆட்சிக்கு அவர்களின் ஒப்புதல் இருந்ததா என்ற வினாவை எந்த வாக்குச்சாவடியிலும் எவரும் கேட்கவில்லை. தகுதிநீக்கத்தை முடிவு செய்யும் அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து விலக்குவதும், அத்தகைய வழக்குகளுக்குக் கால வரையறை விதிப்பதும் அவ்வினாவுக்கு விடை தேடும் முதற்படிகளாக அமையும்.