ஒளி எண்ணாக மாறிய கதை

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒளி உணரி நிரலாக்கத்தில் தரப்படும் முதற்பயிற்சி பெரும்பாலும் ஒன்றேதான்: இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். ஆனால், இருட்டு என்பது எந்த எண்? அதைத் தீர்மானிக்கும் உரிமை மாணவர் கைக்கு வந்து சேர நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று.

1873ஆம் ஆண்டில் வில்லபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு சிக்கலை வெளியிட்டார். கடலடித் தந்தி வடங்களைச் சோதிக்க, மின்தடை மிகுந்த செலினியக் கம்பிகளை அவர் பயன்படுத்தி வந்தார். அத்தடையோ நிலையாக நிற்கவில்லை. பெட்டியில் இட்டு மூடினால் கூடியது. மூடியை விலக்கி வெளிச்சம் பட்டதும் குறைந்தது. வடம் சோதிப்பவருக்கு இது தொல்லை. ஒளி உணரியின் வரலாறு அத்தொல்லையில்தான் தொடங்குகிறது.

1948, 1949ஆம் ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் மூளை ஆய்வாளர் எல்மர், எல்சி என இரண்டு இயந்திர ஆமைகளை உருவாக்கினார். அவை ஒளியை நாடி ஊர்ந்தன; ஒளி அளவு மீறினால் விலகின. நிரல் ஏதுமில்லை. எது அளவு, எது மீறல் என்பதை மின்சுற்றே முடிவு செய்தது.

சிறுவரே கணினிக்குக் கட்டளையிட 1967இல் லோகோ மொழி பிறந்தது. 1998இல் லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டியில் ஒளி உணரியும் இடம்பெற்றது. 2016இல் பிரிட்டனின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் மைக்ரோபிட் பலகைகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2017இல் சிங்கப்பூரும் அவற்றைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இப்பலகையில் ஒளிக்கென்று தனி உணரி கிடையாது! முகப்பிலுள்ள 25 எல்.இ.டி. விளக்குகளே அவ்வேலையையும் செய்கின்றன. அவற்றில் ஏற்றிய மின்னூட்டம் வெளிச்சத்தில் விரைவாகவும் இருளில் மெதுவாகவும் வடியும். அதனை அளந்து, 0 முதல் 255 வரை ஓர் எண் தரப்படுகிறது.

"100க்குக் கீழே இருட்டு" என்று எல்லையை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சன்னலோர மேசைக்கும் சுவரோர மேசைக்கும் ஒரே வேளையில் எண் வேறுபடும். மாணவர்கள் பலகையைக் கையால் மூடியும் திறந்தும் எண்களைக் குறிக்கட்டும். அன்று வில்லபி ஸ்மித் பெட்டி மூடியைக் கொண்டு செய்ததும் அதுதானே! பிறகு இடையில் ஓர் எல்லையைத் தாமே வகுக்கட்டும்.

அப்போது இன்னொரு சிக்கல் தலைகாட்டும். நாம் இணைத்த விளக்கின் ஒளியே பலகைமீது பட்டால், விளக்கு எரிந்தும் அணைந்தும் சிமிட்டும். எரிவதற்கு ஓர் எண், அணைவதற்கு அதனினும் உயர்ந்த வேறோர் எண் என இரண்டு எல்லைகள் வேண்டும். விடையைச் சொல்லிவிடாமல், விளக்கு ஏன் சிமிட்டுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள், ஆசிரியர்களே.