அலைவரிசையில் ஒரு தாய்மொழி: நவஹோ வீரர்களின் வானொலிப் பணி

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க மரைன் படை, அதாவது கடல்வழித் தாக்குதலுக்கெனப் பயிற்சி பெற்ற படை, தன் வானொலிச் செய்திகளை ஜப்பானியர் ஒட்டுக்கேட்பதைத் தடுக்க, அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான நவஹோ மக்களின் மொழியை நாடியது. 1942இல் சேர்க்கப்பட்ட முதல் 29 நவஹோ வீரர்களே அம்மொழியைக் கொண்டு ஒரு மறைகுறியை, அதாவது பொருளை மறைத்து அனுப்பும் குறியீட்டு முறையை, உருவாக்கினர்.

அம்முறையில் ஆமையைக் குறிக்கும் சொல் டாங்கியையும், இரும்பு மீன் என்னும் தொடர் நீர்மூழ்கிக் கப்பலையும் சுட்டின. பெயர்களை எழுத்துக்கூட்டும்போது, எறும்பின் ஆங்கிலப் பெயர் 'ஏ' என்னும் எழுத்தில் தொடங்குவதால், எறும்புக்கான நவஹோச் சொல் அவ்வெழுத்துக்கு நின்றது. ஆகவே, பயிற்சி பெறாத நவஹோ ஒருவர் கேட்டாலும் தொடர்பற்ற சொற்களே காதில் விழுந்தன. அட்டவணை முழுவதும் வீரர்களின் நினைவிலேயே இருந்ததால், இயந்திர மறைகுறிக்கு நெடுநேரம் பிடித்த செய்தி சில நொடிகளில் சென்று சேர்ந்தது. 1945 பிப்ரவரியில் இவோ ஜிமா தீவுப் போரின் முதல் இரண்டு நாட்களில், ஆறு நவஹோ வீரர்கள் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிப் பரிமாறினர்.

உறைவிடப் பள்ளிகளில் எந்த மொழியைப் பேசியதற்காக நவஹோச் சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்களோ, அந்த மொழியே அந்நாட்டுப் படையைக் காத்தது. எனினும், 1968 வரை இம்முறை இரகசியமாகவே வைக்கப்பட்டதால், முதல் 29 பேருக்கான நாடாளுமன்றத் தங்கப் பதக்கங்கள் 2001இல்தான் வழங்கப்பட்டன.