வெறுப்புக் குற்றம்

வெறுப்புக் குற்றம் என்பது ஒருவரின் இனம், நிறம், சமயம், சாதி, பூர்வீகம், உடல் ஊனம், பாலியல் நாட்டம் போன்ற அடையாளம் ஒன்றைக் காரணமாகக் கொண்டு, அவருக்கோ அவரது உடைமைக்கோ எதிராக இழைக்கப்படும் குற்றம் ஆகும். இச்சொல்லாட்சி ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்தது. இத்தகைய குற்றங்களுக்குச் சாதாரணக் குற்றங்களை விடக் கூடுதலான தண்டனை வழங்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. ஒரே அளவு காயம் விளைவித்த இருவருள், தனிப்பட்ட பகையால் தாக்கியவரை விட இனவெறுப்பால் தாக்கியவரை மிகுதியாகத் தண்டிப்பது நீதியாகுமா என்பது குறித்துச் சட்ட அறிஞர்களிடையே நீண்ட விவாதம் நடைபெற்று வருகின்றது.

வரையறை

வெறுப்புக் குற்றம் இரண்டு கூறுகளைக் கொண்டது. முதலாவது, தாக்குதல், தீவைப்பு, கொலை, சொத்தழிப்பு போன்று ஏற்கனவே சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒரு செயல். இரண்டாவது, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்திற்கும் அச்செயலுக்கும் உள்ள தொடர்பு. முதற்கூறு இல்லாதவிடத்து, வெறுப்பு எவ்வளவு கடுமையானதாக இருப்பினும் அது வெறுப்புக் குற்றம் ஆகாது. இவ்வகையில் இது வெறுப்புப் பேச்சு என்பதிலிருந்து வேறுபடுகின்றது.

இரண்டாவது கூறினைச் சட்டங்கள் இரு வகையாக வரையறுக்கின்றன. அமெரிக்கச் சட்ட அறிஞர் பிரெடரிக் லாரன்ஸ் 1999இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளார்.

முதல் வகை, பாகுபாட்டுத் தெரிவு. குற்றவாளி பாதிக்கப்பட்டவரை அவரது அடையாளத்தைக் கொண்டு தெரிவு செய்தார் என நிறுவினால் போதும். அவர் மனத்தில் வெறுப்பு இருந்ததா என ஆராய வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, ஊனமுற்றோர் எதிர்த்துப் போராட மாட்டார்கள் எனக் கருதி அவர்களிடம் மட்டும் வழிப்பறி செய்பவரும் இதில் அடங்கக்கூடும்.

இரண்டாம் வகை, பகைமை. அந்த அடையாளம் கொண்ட குழுவின் மீது குற்றவாளிக்கு இருந்த பகைமை நிறுவப்பட வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் சட்டங்களின் வளர்ச்சி

1968ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம், இனம், நிறம், சமயம், பூர்வீகம் ஆகியவற்றின் காரணமாக ஒருவரைத் தாக்குவதைக் கூட்டரசுக் குற்றமாக்கியது. எனினும், வாக்களித்தல், பள்ளி செல்லல் போன்ற குறிப்பிட்ட நடவடிக்கைகளில் ஒருவர் ஈடுபட்டதை முன்னிட்டுத் தாக்கப்பட்டிருந்தால் மட்டுமே அச்சட்டம் பொருந்தியது. 1981இல் அவதூறு எதிர்ப்புக் கழகம் என்னும் யூத அமைப்பு கூடுதல் தண்டனைக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்தது. பல மாநிலங்கள் இதனைத் தழுவிச் சட்டம் இயற்றின. 1990இல் வெறுப்புக் குற்றங்கள் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் சட்டம் நிறைவேறியது. 2009 அக்டோபர் 28 அன்று குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட மாத்தியூ செப்பர்ட் - ஜேம்ஸ் பேர்ட் சட்டம், உடற்காயம் விளைவிக்கும் இனவெறுப்புத் தாக்குதல்களுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேற்கூறிய நிபந்தனையை நீக்கியது. பால், பாலியல் நாட்டம், பாலின அடையாளம், ஊனம் ஆகியவற்றையும் சட்டத்தில் சேர்த்தது.

முக்கிய வழக்குகள்

சென் பால் வழக்கு (1992)

மினசோட்டா மாநிலத்தின் சென் பால் நகரில் 1990இல் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டு முற்றத்தில் இளைஞர் சிலர் சிலுவை ஒன்றை எரித்தனர். எரியும் சிலுவை, கறுப்பினத்தவரை அச்சுறுத்த வெள்ளை இனவாதக் குழுக்கள் கையாண்டு வந்த சின்னமாகும். இனம், சமயம் போன்றவற்றின் அடிப்படையில் பிறருக்குச் சினமூட்டும் சின்னங்களைத் தடை செய்த நகர விதியின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்தின்படி, கருத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துச் சிலவற்றை மட்டும் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வீட்டு முற்றத்தில் தீ வைப்பதைத் தண்டிக்க வேறு சட்டங்கள் இருப்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

விஸ்கொன்சின் எதிர் மிட்செல் (1993)

கூடுதல் தண்டனை குறித்த அடிப்படைத் தீர்ப்பு இதுவாகும். 1989 அக்டோபரில் விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோசா நகரில் கறுப்பின இளைஞர் சிலர் கூடியிருந்தனர். கறுப்பினச் சிறுவன் ஒருவனை வெள்ளையர் ஒருவர் தாக்கும் திரைப்படக் காட்சி ஒன்றைப் பற்றி அவர்கள் பேசினர். பின்னர் வெளியே வந்தபோது தெருவின் மறுபக்கத்தில் வெள்ளையினச் சிறுவன் ஒருவன் நடந்து வந்தான். குழுவில் ஒருவரான மிட்செல், அவன் வெள்ளையன் என்று சுட்டிக்காட்டித் தாக்குமாறு மற்றவர்களைத் தூண்டினார். கடுமையாகத் தாக்கப்பட்ட சிறுவன் நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தான்.

இக்குற்றத்திற்குரிய உச்சத் தண்டனை 2 ஆண்டுகள் சிறை. பாதிக்கப்பட்டவர் இனத்தின் காரணமாகவே தெரிவு செய்யப்பட்டார் என நடுவர் குழு கண்டதால், மாநிலச் சட்டப்படி உச்ச அளவு 7 ஆண்டுகளாக உயர்ந்தது. மிட்செலுக்கு 4 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. எண்ணத்தைத் தண்டிக்கும் இச்சட்டம் முதலாம் திருத்தத்திற்கு முரணானது என்று கூறி மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தண்டனை மிகைப்பை நீக்கியது.

1993 ஜூன் 11 அன்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின் முக்கிய காரணங்கள் பின்வருமாறு:

1. உடல் மீதான தாக்குதல், கருத்து வெளிப்பாடு என்னும் பாதுகாப்பைப் பெறாது. சென் பால் விதி பேச்சைக் குறிவைத்தது. விஸ்கொன்சின் சட்டம் செயலைக் குறிவைக்கின்றது.
2. தண்டனையை அளவிடும்போது குற்றத்தின் காரணத்தைக் கருத்திற் கொள்வது நீதிமன்றங்களின் நீண்டகால வழக்கம்.
3. ஒருவரை இனத்தின் காரணமாக வேலையிலிருந்து நீக்குவதைத் தடை செய்யும் சட்டமும் காரணத்தையே பார்க்கின்றது. அது செல்லுமாயின் இதுவும் செல்லும்.
4. இத்தகைய குற்றங்கள் பழிவாங்கலையும் சமூக அமைதியின்மையையும் தூண்டக்கூடியன. பாதிக்கப்பட்டவருக்குத் தனித்தன்மையான மனக்காயத்தை ஏற்படுத்துவன என மாநிலம் கருதுவதற்கு இடமுண்டு.

அப்ரெண்டி எதிர் நியூ ஜெர்சி (2000)

கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டை நோக்கித் துப்பாக்கியால் சுட்டவருக்கு, குற்றத்தின் உச்ச அளவான 10 ஆண்டுகளை மீறி 12 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. இனவெறுப்பே காரணம் என முடிவு செய்தவர் நீதிபதி ஒருவரே. நடுவர் குழு அன்று. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் இதனை ஏற்க மறுத்தது. முந்தைய குற்றத்தீர்ப்பு தவிர, உச்சத் தண்டனையை உயர்த்தும் எந்த உண்மையும் நடுவர் குழுவின் முன் நியாயமான ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதனால் கூடுதல் தண்டனை கோரும் அரசுத் தரப்பின் பொறுப்பு மிகுந்தது.

ஆதரவு வாதங்கள்

- இக்குற்றத்தின் பாதிப்பு ஒருவரோடு நிற்பதில்லை. அதே அடையாளம் கொண்ட அனைவரும் அடுத்த இலக்கு தாமே என அஞ்சுகின்றனர். பெரிய தீங்கிற்குப் பெரிய தண்டனை என்பது பொது விதி.
- பாதிக்கப்பட்டவர் தம் அடையாளத்தை மாற்றிக் கொள்ள இயலாது. எனவே எச்சரிக்கையாக இருந்து தப்பிக்கும் வழி அவருக்கு இல்லை.
- காரணத்தைக் கொண்டு குற்றங்களைத் தரம் பிரிப்பது புதிதன்று. கூலிக்காகச் செய்யும் கொலையைப் பல சட்டங்கள் கடுமையாகக் கருதுகின்றன.

எதிர் வாதங்கள்

- குற்றவாளியின் செயலும் அதனைச் செய்யும் கருத்தும் தண்டனைக்குரியன. அவரது நம்பிக்கைகளும் குணமும் அரசின் எல்லைக்கு அப்பாற்பட்டன. சட்ட அறிஞர் ஐடி ஹர்ட் இவ்வாதத்தை முன்வைப்பவர்களுள் ஒருவர்.
- காரணத்தை நிறுவுவதற்குக் குற்றவாளி முன்னர் பேசியவை, படித்தவை, பழகியவர்கள் ஆகியன சான்றாகின்றன. சண்டையின் நடுவே வெளிப்பட்ட ஒரு வசைச்சொல்லுக்கு அளவுக்கு மீறிய பொருள் கற்பிக்கப்படலாம்.
- ஏற்கனவே உள்ள தண்டனைகளே போதுமானவை. 1998இல் டெக்சாசு மாநிலத்தில் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் பேர்ட் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் மூவருள் இருவருக்கு மரண தண்டனையும் ஒருவருக்கு ஆயுள் தண்டனையும் கொலைச் சட்டத்தின்படியே கிடைத்தன. இதற்கு மறுமொழியாக, மிரட்டல், சொத்தழிப்பு, அடிதடி போன்ற குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களிலேயே மிகைப்பு பயன்படுகின்றது என ஆதரவாளர்கள் கூறுவர்.
- சிறுபான்மையினரைக் காக்க எழுந்த சட்டம் அவர்கள் மீதே பாயக்கூடும். மிட்செல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர் கறுப்பினத்தவர் என்பது இங்கு சுட்டப்படுகின்றது. சட்டம் அனைவருக்கும் ஒன்றாகப் பொருந்துவதையே இது காட்டுகின்றது என்பது மறுதரப்பின் விளக்கம்.

பிற நாடுகளில்

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இனப்பகைமை கலந்த குற்றங்களைத் தனிக் குற்றங்களாக வரையறுத்தது. சாதாரணத் தாக்குதலுக்கு அப்போது 6 மாதங்களாக இருந்த உச்சத் தண்டனை, இனப்பகைமை கலந்தவிடத்து 2 ஆண்டுகள் ஆயிற்று. குற்றத்தின் காரணம் பகைமையாக இருப்பினும், குற்றம் நிகழும்போது பகைமை வெளிப்படையாகக் காட்டப்படினும் இச்சட்டம் பொருந்தும்.

இந்தியாவில் இவ்விவாதத்திற்கு நெருங்கிய சட்டம், 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் ஆகும். 10 ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றம் ஒன்றை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்ற காரணத்திற்காக அப்பிரிவினர் அல்லாத ஒருவர் இழைத்தால், ஆயுள் தண்டனை உண்டு என இதன் 3(2)(5) பிரிவு கூறியது. அந்தக் காரணத்தை நிறுவுவது கடினமாக இருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், "காரணத்திற்காக" என்பதை விடுத்து, பாதிக்கப்பட்டவர் அச்சாதியினர் என்பதை "அறிந்து" செய்திருந்தாலே போதும் என மாற்றியது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்முறை குறித்து 2021இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், குற்றம் திருத்தத்திற்கு முன் நிகழ்ந்ததால் பழைய விதியையே கையாண்டது. சாதியே காரணம் என்பது நிறுவப்படவில்லை எனக் கூறி, வன்கொடுமைச் சட்டப்படியான தண்டனையை நீக்கியது. பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஒரு சொல்லின் மாற்றம் வழக்கின் முடிவை மாற்றக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, சமூகம், மொழி போன்ற காரணங்களுக்காகச் செய்யும் கொலையைத் தனியாகக் குறிப்பிடுகின்றது. ஆயினும் அதற்கான மரணம் அல்லது ஆயுள் தண்டனை, ஏனைய கொலைகளுக்கு உரியதே. குற்றத்தின் காரணத்தைப் பெயரிட்டுச் சொல்வதும், அதற்காகத் தண்டனையைக் கூட்டுவதும் வெவ்வேறானவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இவற்றையும் பார்க்க

- வெறுப்புப் பேச்சு
- தீண்டாமை
- இனவாதம்
- குடிசார் உரிமைகள் இயக்கம்