விசுவல் ஃபாக்ஸ்புரோ

விசுவல் ஃபாக்ஸ்புரோ என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட, தரவுத்தளத்தை மையமாகக் கொண்ட ஒரு நிரலாக்க மொழியும் உருவாக்கச் சூழலும் ஆகும். இதன் இறுதிப் பதிப்பான 9.0, 2004 டிசம்பரில் வெளியானது. நிறுவனத்தின் ஆதரவு 2015 ஜனவரியில் முடிவுற்றது. எனினும் இதில் எழுதப்பட்ட கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப்பட்டியல் மென்பொருட்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இம்மொழியின் நிரலாளர் சமூகம் இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

வரலாறு

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம், டிபேஸ் மொழியுடன் ஒத்தியங்கும் ஃபாக்ஸ்பேஸ் என்ற மென்பொருளை 1984 இல் வெளியிட்டது. அதன் வழிவந்த ஃபாக்ஸ்புரோ 1989 இல் வெளியானது. 1991 இல் வெளிவந்த 2.0 பதிப்பில் ரஷ்மோர் என்னும் நுட்பம் அறிமுகமானது. தேவையான பதிவுகளை இது சுட்டுக்கோப்புகளின் உதவியுடன் முதலில் தெரிவு செய்துகொள்ளும். முழு அட்டவணையையும் படிக்க வேண்டிய தேவை குறைந்ததால், அக்காலத்துச் சிறிய கணினிகளிலும் விரைவாகத் தேட முடிந்தது. 1992 இல் மைக்ரோசாஃப்ட் இந்நிறுவனத்தை வாங்கியது. 1995 இல் வெளியான விசுவல் ஃபாக்ஸ்புரோ 3.0 பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கொண்டுவந்தது.

மேம்பாடு நிறுத்தமும் சமூகமும்

அடுத்த பதிப்பு வெளிவராது என 2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மேம்பாட்டைத் தொடருமாறு கோரி, ஸ்பானிய மொழி பேசும் நிரலாளர்கள் மாஸ்ஃபாக்ஸ்புரோ என்னும் விண்ணப்பத்தைத் தொடங்கினர். முடிவு மாறவில்லை. மைய இயந்திரத்தின் மூலநிரலும் வெளியிடப்படவில்லை. ஆனால் ஃபாக்ஸ்புரோ மொழியிலேயே எழுதப்பட்ட துணைக்கருவிகளைச் சமூகம் மேம்படுத்த நிறுவனம் இசைந்தது.

தன்னார்வலர்கள் விஎஃப்பிஎக்ஸ் என்னும் திட்டத்தின் கீழ் புதிய கருவிகளை உருவாக்கி வருகின்றனர். எடுத்துக்காட்டாக, ஃபாக்ஸ்பின்2பிஆர்ஜி என்னும் கருவி இருமக் கோப்புகளாக உள்ள படிவங்களை உரைக் கோப்புகளாக மாற்றுகிறது. இதனால் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருட்களைக் கொண்டு மாற்றங்களை ஒப்பிட முடிகிறது. கோட்பிளெக்ஸ் தளம் 2017 இல் மூடப்பட்டபோது இத்திட்டம் கிட்ஹப் தளத்துக்கு இடம்பெயர்ந்தது.

வரையறைகள்

சமூகம் புதிய கருவிகளைச் சேர்க்கலாமே தவிர, மூலநிரல் இன்றி மைய இயந்திரத்தைத் திருத்த இயலாது. இது 32 பிட் மென்பொருளாகவே நீடிக்கிறது. ஓர் அட்டவணைக் கோப்பின் அளவு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஒருங்குறிக்கு இயல்பான ஆதரவு இல்லாததால், ஒருங்குறித் தமிழை இதன் படிவங்களில் நேரடியாகக் காட்ட இயலாது.

எதிர்காலம்

இம்மொழியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பொதுவாக மூன்று வழிகளைக் கையாளுகின்றன:

1. தரவை மட்டும் எஸ்கியூஎல் சர்வர் போன்ற தரவுத்தளத்துக்கு மாற்றி, பழைய இடைமுகத்தைத் தொடர்ந்து பயன்படுத்துதல்.
2. ஃபாக்ஸ்புரோ நிரல்களை ஏற்கும் எக்ஸ்ஷார்ப் என்னும் திறந்த மூல மொழிமாற்றிக்கு மாறுதல்.
3. மென்பொருளை வேறொரு மொழியில் முழுமையாக மீண்டும் எழுதுதல்.

மூன்றாவது வழி கடினமானது. ஒரு நிறுவனத்தின் வணிக விதிகள் பல நேரங்களில் வேறெங்கும் எழுதி வைக்கப்படாமல் பழைய நிரலில் மட்டுமே இருக்கும். அந்நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியோர் இருக்கும்போதே இப்பணியை மேற்கொள்வது பாதுகாப்பானது.